வசிப்பவர்

செப்டம்பர் ஒன்பது, சாங்கியில் இறங்கினேன்.
என் கடவுச்சீட்டில் இந்த ஊர் முத்திரை குத்தவில்லை,
மின்னஞ்சல் ஒன்று அனுப்பியது, அவ்வளவுதான்.
அன்றிலிருந்து டிசம்பர் கடைசிவரை
நூற்றுப் பதினான்கு நாள்.
விரல் மடக்கி எண்ணினேன்.
நம்பாமல்
நாட்காட்டியில் பென்சில் புள்ளி வைத்து மறுபடி எண்ணினேன்.
வேண்டியதோ நூற்று எண்பத்து மூன்று.

"குறைஞ்சா நீ வசிக்காதவள். பதினைந்து விழுக்காடு"
என்றாள் மியா தஸின், அவித்த முட்டையை உரித்தபடி.
எனக்கு மூன்றாண்டு முன்னால் வந்தவள்,
எதற்கும் ஒரு விழுக்காடு வைத்திருப்பாள்.
பதினோராயிரத்து எண்ணூறு வெள்ளிக்கு
ஆயிரத்து எழுநூற்று எழுபது.
ஏறக்குறைய இரண்டு மாத அறை வாடகை.

மின்தூக்கிக்கு வரைபடம் போடுகிறவள் நான்.
எத்தனை பேர் ஏறலாம், எத்தனை கிலோ தாங்கும்,
எந்த மாடியில் கதவு திறக்கும்,
எல்லாம் மில்லிமீட்டரில் தெரியும்.
அன்றிரவு
நான் எந்த மாடியில் நிற்கிறேன் என்று தெரியவில்லை.

மறுநாள் உபியில், சாப்பாட்டு நேரத்தில்,
அலுவலகப் படிக்கட்டில் உட்கார்ந்து
வருவாய் ஆணையத்தைக் கூப்பிட்டேன்.
இருபத்தாறு நிமிடம் பியானோ.
பிறகு சுல்கர்னைன் என்றொரு குரல்.
டிசம்பரோடு எண்ணிக்கை முடிவதில்லையாம்.
வேலை அறுபடாமல் அடுத்த ஆண்டுக்குள் நீண்டால்
இரண்டையும் ஒட்டவைத்து எண்ணலாமாம்.
"அப்படியென்றால் நீங்கள் வசிப்பவர்தான்.
இருபதாயிரத்துக்குக் கீழே, கட்ட ஒன்றுமில்லை."
நன்றி சொல்லி வைத்தேன்.
வைத்த பிறகும் எழுந்திருக்கவில்லை.

வசிப்பவர்.

மேடம் குவெக்கின் ஒப்பந்தத்தில்
நான் இரண்டாம் எண் வாடகையாள்,
பத்து மணிக்கு மேல் துவைக்கக் கூடாது, மீன் பொரிக்கவே கூடாது.
அரக்கோணத்து வங்கியில் என் கணக்கின் பெயரையே மாற்றிவிட்டார்கள்:
வசிக்காத இந்தியர்.
ஏப்ரலில் பதினோரு நாள் விடுப்பெடுத்து
ஓட்டுப் போடப் போனேன்.
பட்டியலைப் புரட்டியவர்
என் பெயர்மேல் விழுந்திருந்த கோட்டைத் தொட்டுக் காட்டினார்.
"நீங்க இங்க இல்லேன்னு எழுதியிருக்காங்களே."
அவர் எதிரில்தான் நின்றிருந்தேன்,
மேசைக்கும் எனக்கும் ஒரு முழம்.

சுல்கர்னைன் இன்னொன்றும் சொல்லியிருந்தார்:
விமானம் ஏறுகிற நாளும் இங்கே இருந்த நாள்,
ஒரு மணி நேரம் இருந்தாலும் முழு நாள்.
அங்கேயும் அதே கணக்கென்று பிறகு படித்தேன்.
ஆக,
சென்னையில் காலைச் சிற்றுண்டி முடித்து
இரவு ஈசூனில் படுத்த அந்த வெள்ளிக்கிழமை
இரண்டு நாட்டிலும் முழுதாக இருந்திருக்கிறேன்.
அன்று என்ன செய்தேன்?
நடு இருக்கையில், கால் மரத்துப்போய்,
பக்கத்துக்காரர் தோளில் சாய்ந்துவிடாமல் தூங்கப் பார்த்தேன்.

இந்த ஆண்டுக் கடிதம் வந்துவிட்டது.
நானூற்று முப்பத்தெட்டு வெள்ளி.
பன்னிரண்டாக உடைத்தால்
மாதம் முப்பத்தாறு வெள்ளி ஐம்பது காசு.
சம்பாதித்தவள் போன ஆண்டுக்காரி.
தோல் செருப்பு வாங்கினாள்,
தம்பியின் கல்லூரிக்கு அனுப்பினாள்,
ஒரு பைசா மீதி வைக்கவில்லை.
கட்டப்போகிறவள் நான்.
"வேலையை விட்டுக் கிளம்புறப்போ பாரு,
கடைசிச் சம்பளத்தைப் பிடிச்சு வச்சுக்கிட்டுத்தான்
கணக்கு முடிப்பாங்க" என்கிறாள் மியா தஸின்,
யாரோ சாவைப் பற்றிச் சொல்வதுபோல.

மாலை நல்ல மழை.
எம்ஆர்டியிலிருந்து எங்கள் புளோக் வரைக்கும்
நடைபாதைக்குக் கூரை போட்டிருக்கிறார்கள்.
முப்பத்தாறு ஐம்பதுக்கு
இதில் ஒரு தூணாவது வராதா என்று
எண்ணிக்கொண்டே நடந்தேன்.
நாற்பதா, நாற்பத்தொன்றா,
பின்னால் மிதிவண்டி மணியடிக்க
ஒதுங்கினேன்,
எண்ணிக்கை விட்டுப்போயிற்று.